தொடாதே என்று சொன்ன பெட்டி

நெளுக்குளத்தில் அக்கா வீட்டில் இருந்து, அவளுடைய பச்சைப்பிள்ளையின் துணிகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள் ரஜிதா. கையெல்லாம் சவர்க்காரம். அடித்த போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"புள்ள, மோட்டரு நின்னுப்போச்சு. பெட்டியில செவப்பு லைட்டு எரியுது." ரஜிதாவின் ஊரான ஒட்டுசுட்டானிலிருந்து, தோட்டம் செய்யும் பேச்சியம்மா.

ஊர்த் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும், வெயிலில் ஓடும் பம்பி அது. அதை இயக்குவது ஒரு கணினிப் பெட்டி. அயல்நாட்டு வர்த்தக ஒப்பந்தம் ஒன்றில் வந்தது. பொருளோடு அறிவும் வரவேண்டும் என்பது பேச்சு. அதற்காகவே ஊர் விவசாயிகளின் கமக்காரர் குழு ரஜிதாவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது. திரும்பி வந்தவள் மற்றவர்களுக்குப் பழக்கியது, போடவும் நிறுத்தவும் மட்டும். "மிச்சம் சிக்கல். நான் இருக்கிறன்தானே" என்றுவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆட்கள் தன் வாசலுக்கு வருவது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி நாலு இலக்கம் போட்டால் தீர்ந்தது. அது வாய்வரை வந்தது.

"ஒண்டையும் தொடாதேங்கோ அக்கா. நாளைக்கு வாறன்."

ஆனால் அன்றிரவே அவளுடைய அக்காவுக்குக் காய்ச்சல். பிள்ளை பெற்றவளை விட்டுவிட்டு ஓட முடியாது, அது குற்றமில்லை. போனில் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்ட பிறகே பஸ் ஏறினாள்.

நிலக்கடலைக் கச்சான் பூக்கும் நேரம். பேச்சியம்மாவின் பாத்திகள் சுருண்டு கிடந்தன. குடத்தால் அள்ளி ஊற்றிய ஒரு மூலை மட்டும் பச்சை. அவளுடைய வலத்தோள் வீங்கியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் சிற்றம்பலம் வேலியோரம் நின்றார். "பழக்கின ரீச்சர் லீவெண்டால் தண்ணியும் லீவுதான்."

ரஜிதா பெட்டியைத் திறந்து அழுத்தினாள். தண்ணீர் சீறியது.

"இம்புட்டுத்தானா?" என்றாள் பேச்சியம்மா.

"ஓம்."

"எனக்கும் அமுக்கிப் பாக்கத் தோணுச்சு. நீ தொடாதேன்னு சொன்னியா, கெட்டுப்போயிருமோன்னு விட்டுட்டேன். அக்காவுக்கு எப்பிடி இருக்கு?"

"போனிலயே சொல்லியிருக்கலாம் அக்கா. வேணுமெண்டுதான் சொல்லேல்ல."

பேச்சியம்மா அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ரஜிதா அதைக் குடிக்காமல் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் குடித்திருப்பாள்.

மறுநாள் காலை குழுவில் உள்ள எல்லாரையும் பெட்டியடிக்குக் கூப்பிட்டாள். நாலு இலக்கத்தையும் மூடியின் உட்பக்கம் பெயின்றால் எழுதினாள். வால்வை அடைத்து, வேண்டுமென்றே சிவப்பு விளக்கை வரவைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். முதலில் பேச்சியம்மா அழுத்தினாள். இரண்டாம் தரம் சரிவந்தது. பிறகு சிற்றம்பலம், பிறகு ஒவ்வொருவராக. கடைசி ஆளும் முடித்த பிறகு ரஜிதா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாவின் காய்ந்த பாத்திகளைக் கொத்தப் போனாள்.