ஆறு மட்டை நெருப்பு

1969 நவம்பர் 24, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி இருபத்தோரு நிமிடம். மெல்லிய தூறல், காற்று இல்லை. வானம் ஈயத்தட்டைக் கவிழ்த்த மாதிரி மூடிக்கிடந்தது. சூரியன் மேற்கில்தான் இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ரமலானில் அது பதின்மூன்றாம் நோன்பு. நேரத்தை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அப்போது எனக்கும் பள்ளிவாசல் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. என் வலதுகைச் சுட்டுவிரல் அதன் பெரிய முள்ளின்மேல் இருந்தது.

எனக்கு வயது ஒன்பது. அன்றுதான் என் முதல் நோன்பு.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து இரண்டரை மைல், வெள்ளாற்றங்கரையில். வியாழக்கிழமை மழையில் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. நிமிர்த்த ஆள் வரவில்லை. ஊரில் இருந்த ஒரே ரேடியோவும் கரண்டில் ஓடுவது. கைக்கடிகாரம் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் சிங்கப்பூரில் இருந்தார்கள். ஆகவே அந்த நாட்களில் எங்கள் ஊருக்கு மணி சொல்ல, சாவி கொடுத்தால் ஓடும் அந்தச் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் மிச்சம். பள்ளிவாசலின் உள்கூடம் ஒழுகியதால் அதைக் கழற்றி மோதினாரின் அறையில், கைக்கு எட்டிய ஓர் ஆணியில் தாழ்வாக மாட்டியிருந்தார்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது, கைகால் கழுவும் தொட்டிக்கு நீர் இறைப்பது, பள்ளியைப் பெருக்குவது எல்லாம் மோதினார்தான். ஒல்லியான மனிதர். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்.

நோன்பு திறக்கும் நேரத்தை ஊருக்கு அறிவிக்க மின்சாரத்தில் ஊதும் சங்கு ஒன்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய என் மாமு, இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தது. அது வந்த அன்றே, பழைய நகராவை மாமு பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். நகரா என்பது பெரிய செப்புக் குடத்தின் வாயில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிய முரசு. இரண்டு வருடம் அதன்மேல் கிழிந்த பாய்களைப் போட்டு வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், யாரிடமும் எதுவும் சொல்லாமல் மோதினார் அதை உருட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து மாமுவைக் கண்டால் ஊருக்கே உற்சாகம்.

"என்ன மச்சான், ஒங்க சங்கும் நோன்பா? வாயே தொறக்க மாட்டேங்குது."

"கரண்டு வரட்டும், அப்பறம் பேசுங்க" என்பார் மாமு. தினமும் அதே பதில்தான்.

நகராவிலும் ஒரு சங்கடம் உண்டு. மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அப்படியே அடித்தால் சாக்கு மூட்டையை அடித்த சத்தம்தான் வரும். பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது. நெருப்பில் வாட்டி, தோல் விறைத்த பிறகு அடிக்க வேண்டும். கடிகாரம் ஐந்தரைக்கு ஒரு தடவை அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மோதினார் காய்ந்த தென்னமட்டையை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து வாட்டத் தொடங்குவார். நான்காவது மட்டை எரிந்து முடியும்போது தோல் விறைத்திருக்கும், மணியும் ஐந்து நாற்பத்தேழு ஆகியிருக்கும். நோன்பு அட்டவணையில் அன்றைக்குப் போட்டிருந்த நேரமும் ஐந்து நாற்பத்தேழு. நாளுக்கு நான்கு மட்டை. நான்கு நாளில் பதினாறு. எண்ணிய ஆள் நான்தான். எண்ணுவதற்கு ஏதாவது இருந்தால் நான் எண்ணாமல் விட்டதில்லை. இன்றும் அப்படித்தான், அதனால் யாருக்கும் என்னோடு பஸ்ஸில் உட்காரப் பிடிப்பதில்லை.

அன்று பகலில் அக்காதான் என் எதிரி. அரைமணிக்கு ஒருமுறை வந்து, "நாக்க நீட்டு பாப்போம். ஈரமா இருக்கே, தொட்டிப் பக்கம் போனியா?" என்று கேட்பாள். மதியத்துக்கு மேல் நாக்கை நீட்டவே எனக்குத் தெம்பில்லை. அம்மா புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தாள்; அத்தா நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். இடையில் முறித்தால் அந்த நாலு பேருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பித்து, கஞ்சி வாங்கும் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சீக்கிரமே பள்ளிவாசலுக்கு வந்துவிட்டேன்.

வந்தது தவறு. நோன்புக் கஞ்சி அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சியும் பூண்டும் கறியும் சேர்ந்த அந்த வாசனையை ஈரக்காற்று எங்கும் போகவிடாமல் பள்ளிவாசலுக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தது. கவனத்தைத் திருப்புவதற்காக வரிசையில் வைத்திருந்த பாத்திரங்களை எண்ணினேன். அலுமினியத் தூக்கு ஐம்பத்திரண்டு, பித்தளை இருபத்தொன்று, பல்வேறு சட்டிகள் பதினான்கு. மொத்தம் எண்பத்தேழு. வீட்டுக்கு ஒரு பாத்திரம்.

பிறகு மோதினார் அறை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இருபத்தேழு நிமிடம். வினாடிக் கணக்கில் ஆயிரத்து அறுநூற்று இருபது. அறுபது வரை எண்ணிப் பார்த்தேன். அதற்கே கண் இருட்டியது. தொட்டியின் மடையை இலை அடைத்துக்கொண்டதென்று மோதினார் அப்போதுதான் எழுந்து போனார். அறையில் யாரும் இல்லை. கால்மணி நேரம் தள்ளினால் போதும் என்று நினைத்தேன். முள் கனமாக, ஆனால் வஞ்சகமில்லாமல் நகர்ந்தது. கீழே ஆறைத் தொட்டதும் தலைக்குமேல் 'டங்' என்று ஒரு அடி. கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டேன். நான் நகர்த்தியது ஒன்பது நிமிடம்.

கூடத்தில் இருந்தவர்கள், "அரை அடிச்சிருச்சுப்பா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஓடிப்போய் எண்ணிய பாத்திரங்களையே மறுபடி எண்ணினேன். மோதினார் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். அறைக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"அரை அடிச்சுச்சா தம்பி?"

"ஆமாங்க."

"ம். இன்னிக்கி வேகமாத்தான் ஓடுது. பொழுது போனதே தெரியல. போ, மட்டைய எடுத்துட்டு வா."

அவ்வளவுதான். எனக்கு உயிர் வந்தது. பரணிலிருந்து மட்டைகளை இழுத்து வந்தேன். அவர் நெருப்பு மூட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் விழுங்குவதுபோல எண்ணினேன். நான்காவது எரிந்து முடிந்தது. அவர் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு ஐந்தாவதைப் பற்றவைத்தார். எனக்கு அழுகை வந்தது. கிழவருக்குக் கை ஓயவில்லை, என் பசி அவருக்கு விளையாட்டாக இருக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன். மாமுவுக்கும் பொறுமை போய்விட்டது.

"என்ன மோதினாரே, இன்னிக்கி வாட்டறீங்களா, விருந்து சமைக்கிறீங்களா?"

"தோல் ஈரமா இருக்குங்க. அவசரப்பட்டா கிழிஞ்சுரும்."

ஆறாவது மட்டையும் எரிந்தது. மோதினார் எழுந்து அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு குச்சிகளையும் எடுத்தார். நகராவின் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. எண்பத்தேழு வீடுகளிலும் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்திருப்பார்கள். நானும் வைத்தேன். என் வாயில் மட்டும் அது மண்ணாக இருந்தது. சூரியன் இறங்குமுன் ஊரையே சாப்பிட வைத்துவிட்டோமே என்ற நினைப்பு, முதல் வாய்க் கஞ்சியோடு சேர்ந்தே உள்ளே போயிற்று.

"சூடா இருக்கு, ஊதிக் குடி" என்றார் மோதினார், பக்கத்தில் உட்கார்ந்து.

மறுநாள் போனபோது கடிகாரம் ஒரு முழம் மேலே போயிருந்தது. சாரல் அடிக்கிறது என்றார் மோதினார். அந்தச் சுவருக்கும் சாரலுக்கும் சம்பந்தமில்லை என்பதை நான் கவனித்தேன், கவனித்ததோடு சரி. அந்த வாரக் கடைசியில் கரண்டு வந்தது. சங்கு ஊதியது. மாமு இரண்டு தெரு சுற்றி வந்து எல்லாரிடமும் பேசினார். நகரா பின்கட்டுக்குத் திரும்பியது. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மோதினார் மௌத்தாகி அடக்கமானார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்து வயதில், தவறான மணியைப் பார்த்து முன்னதாகவே நோன்பு திறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஓதும் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்டேன், யாருக்கோ நடந்தது போல. அது கணக்கில் சேராது, பின்னால் ஒரு நோன்பு வைத்துக் களா செய்ய வேண்டும் என்றார்.

"அவங்களுக்கு அது தெரியாதுங்க. வேற யாராச்சும் அவங்களுக்காக வெக்கலாமா?"

"உசுரோட இருக்கறவனுக்கு இன்னொருத்தன் பசிச்சிருக்க முடியாதுப்பா. யாரு அது?"

யாருமில்லை என்றேன்.

முடியாது என்று அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் எண்ணிய எண்ணை எண்ணாமலாக்க எனக்குத் தெரியாது. எண்பத்தேழு வீட்டுக்கும் போய்ச் சொல்லத் தைரியமும் இல்லை. பாத்திரத்துக்கு ஒரு நோன்பு என்று தீர்மானித்தேன். வீட்டுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டிருந்தால் ஆயுள் போதாது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா வேலை கிடைத்தது. லாரிகளை எண்ணிக்கொண்டே, வருடத்துக்கு இரண்டு, மூன்று என்று திங்கட்கிழமைகளில் வைத்தேன். வெயில் காலத்தில் சுண்ணாம்புத் தூசியோடு அது லேசான காரியமல்ல. நேர்ச்சையா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். பேணுதலான ஆள் என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது. மறுக்க வழியில்லை. ஓய்வு பெற்ற வருடம் எண்பத்தேழாவதை வைத்து, நோட்டில் கோடு போட்டேன்.

போன கார்த்திகையில் ஊரில் மூன்று நாள் விடாத மழை. முதல் நாளே கரண்டு போயிற்று; இரண்டாம் நாள் செல்போன் கோபுரமும் ஓய்ந்தது. பள்ளிவாசல் இன்வெர்ட்டர் தீர்ந்து மைக் ஊமையாயிற்று. தொழுகை நேரத்தைக் கைபேசியில் பார்த்துப் பழகிய பையன்கள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினார்கள். மூன்றாம் நாள் மதியம், மேலே அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று ஒருவர் நனைந்துகொண்டே பைக்கில் வந்து சொன்னார். ஆற்றோரத் தெருவில் நாற்பத்துமூன்று வீடு. மழை இரைச்சலில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. வீடு வீடாகத் தட்ட நேரமில்லை.

நகராவை எடுக்கச் சொன்னேன். அடிக்க எனக்குத் தெரியாது. வாட்ட எத்தனை மட்டை வேண்டும் என்று மட்டும் தெரியும். நான்காவது மட்டையில் என் தம்பி மகன் தோலைச் சுண்டினான்.

"போதும் பெரியத்தா. கிண்ணுன்னு இருக்கு."

"இந்த ஈரத்துக்கு ஆறு மட்டை வேணும்டா."

"கருகிரும். மோந்து பாருங்க."

கருகல் வாசனைதான். அவன் எனக்காகக் காத்திராமல் அடித்தான். ஆற்றோரத் தெருவில் கதவுகள் திறந்தன. ஆட்டையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நாற்பத்துமூன்று வீடும் மேட்டுக்கு வந்து சேர்ந்தன, நான் எண்ணினேன். தண்ணீர் அரைமணி கழித்து, முழங்கால் அளவுக்கு வந்தது.

எல்லாரும் ஆற்றைப் பார்க்கப் போன பிறகு நான் அணைந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை முதல் நாற்பத்தேழு வரை பதினேழு நிமிடம், நான்கு மட்டை. மட்டைக்கு நாலேகால் நிமிடம். கூடுதலாக இரண்டு மட்டை என்றால் எட்டரை. ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். அன்று கடைசி இரண்டு மட்டை எரியும்போது மோதினார் நகராவை நெருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சாய்த்துப் பிடித்திருந்ததும், வெறும் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அறைக்குள் போனவுடனேயே முள்ளைத் திருப்பி வைத்து, மறுபடி அரை அடிக்காதபடி அதன் சுத்தியலில் துணி செருகியிருப்பார். அரை அடித்ததை ஊர் கேட்டுவிட்டது. நெருப்பு மூட்டாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் அறை வாசலில் நின்ற பையன் யார் என்பதில் போய் முடியும். அதனால் மூட்டினார். ஒன்பது வயதில் ஆறு மட்டையைச் சரியாகத்தான் எண்ணினேன். எதற்காக ஆறு என்பதைத்தான் எண்ணவில்லை.

அன்று ஊரில் யாருடைய நோன்பும் முறியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையும் இல்லை. களா செய்ய வேண்டியிருந்தது, ஒன்றுமில்லை. செய்தது, எண்பத்தேழு.