கதிருக்காகக் கட்டிய பூ

கதிர் என் வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, பிறந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறந்தான். வீக்கம் வற்றவில்லை, கூடியது. அடிக்கடி காய்ச்சல். மூத்திரம் இறங்கும் குழாயில் அடைப்பு, இனியும் தள்ளினால் அந்தச் சிறுநீரகமே கெட்டுப்போகும் என்று சென்ற ஆவணியில் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

முருகன் அடியார்களே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொட்டிலுக்கு ஓடுவேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பி மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வீடெல்லாம் தீய்ந்த பால் வாடை.

மலையாளியான டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். விலாவுக்குக் கீழே சின்னதாகக் கீறி, அடைப்பை எடுத்துவிட்டுத் தைப்பது ஒன்று. சிறு துளைகள் போட்டு ரோபோ மூலம் செய்வது மற்றது. என் வீட்டுக்காரருக்கு இங்கே மலையாள தேசத்தில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்த வியாபாரம். அவருக்கு ரோபோதான் வேண்டும்.

"மெஷினுக்குக் கை நடுங்காதுல்லா டாக்டர்?"

"அது தன்னால ஒண்ணும் செய்யாது சேட்டா. ஞான்தான் அதோட கையை அசைக்கணும். பெரிய பிள்ளைகளுக்கு அதுல சௌகரியம் உண்டு. மோனுக்கு வயித்துல இடம் குறைவு, மயக்கத்துலயும் கூடுதல் நேரம் வைக்கணும். ரெண்டிலயும் பலன் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆலோசிச்சு சொல்லுங்க."

ஒன்றுதான் என்றால் பெற்றவளுக்கு ஆறுமா? கீறுவதென்றால் கத்தி பயம், ரோபோ என்றால் மயக்க மருந்து பயம். வீட்டில் எந்தப் பேச்சும் சண்டையில் முடிந்தது.

கடைசியில் எங்கள் திருநெல்வேலி வழக்கப்படி பூக் கட்டிப் பார்க்கத் துணிந்தேன். செவ்வரளி வந்தால் ரோபோ. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கீறித் திறப்பது. ஒரு பூவை வாழையிலையில் மடித்துக் கட்டியதும் கதிர் வீறிட்டான். உடம்பு சுட்டது. ஓடிப்போய் மருந்து கொடுத்து, அவனைத் தோளில் போட்டபடியே வந்து இன்னொரு பொட்டலத்தையும் கட்டினேன். மீதிப் பூவைப் படத்துக்குச் சாத்திவிட்டு, இரண்டையும் குலுக்கிச் செந்திலாண்டவர் முன்னால் வைத்தேன். வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னேன்.

வெள்ளை. அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சரி, முருகன் சொல்லியாச்சு. இனி நமக்குள்ள என்ன பேச்சு."

காய்ச்சல் இறங்கியதும் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று நான் நடந்த நடைக்குத் திருச்செந்தூருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். 'முருகா' என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "எல்லாம் சரியாயி மோளே, இனி பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம்," என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை பிறந்த பிறகு நான் நிம்மதியாக உட்கார்ந்தது அன்றுதான்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. வீடு திரும்பிப் பூஜை அலமாரியைத் துடைக்கும்போது, எடுக்காமல் விட்ட பொட்டலம் காய்ந்து கிடந்தது. பிரித்தேன். அதற்குள்ளும் நந்தியாவட்டை. பிள்ளை அழுத தடுமாற்றத்தில் இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டியிருக்கிறேன்.

அப்படியானால் முருகன் ஒன்றுமே சொல்லவில்லையா? நானேதான் என் பிள்ளையைக் கத்திக்குக் கொடுத்தேனா? வீட்டுக்காரர் கடையடைத்து வரும்வரை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வந்ததும் பொட்டலத்தை நீட்டினேன்.

"இதுக்கா கெடந்து தவிக்கே? ரெண்டும் ஒண்ணுதான்னு டாக்டரம்மா சொன்னாங்க, நாம கேக்கல. அதான் முருகன் ரெண்டுலயும் ஒரே பூவை வச்சுக் காட்டிட்டான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இப்போது வீக்கம் வற்றிவிட்டது. கதிர் தவழ்கிறான், இதை எழுதும் பேனாவைப் பிடுங்குகிறான். திருச்செந்தூரில் முடியிறக்கப் போகிறோம். என் படபடப்பு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் உடம்பு சுட்டால் இன்றும் ஓடத்தான் செய்கிறேன். ஆனால் பூக் கட்டுவதில்லை. விளக்கேற்றி, 'நீ பார்த்துக்கொள்' என்று ஒப்படைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைக்கு முடியாமல் இருந்தால், எந்த வழி, எந்த வழி என்று முருகனைப் போட்டுப் பிடுங்காதீர்கள். பிள்ளையை அவன் கையில் கொடுங்கள். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் உள்ளே அவன்தான் இருப்பான்.