பாபிலோன் பாட்டு

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், டவுன்டவுன் உணவகமொன்றில் என்னோடு சமைத்த ஜமைக்காக்காரர் நாள் முழுவதும் ரெகே பாட்டுப் போடுவார். கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் பாடுகிற பாட்டு. ஒடுக்குகிற அரசும் பொலிசும் அதில் பாபிலோன். திரும்பிப் போக ஏங்கும் ஆப்பிரிக்கா சீயோன். ஞாயிறு பூசையில் வேதாகம வாசகத்தில் கேட்டுப் பழகிய பெயர்கள்தான். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் என் கண் வாசலுக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் இப்படி அரசை எதிர்க்கும் பாட்டுக் கசெற்றுகளை ஆமிக்குப் பயந்து பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தவர்கள் நாங்கள். இந்த மனிதருக்குப் பயமே இல்லையா?

ஒரு மத்தியானம், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண் சொன்னா: "அண்ணை, பின்கதவால பொலிஸ் வருது."

பாய்ந்துபோய்ப் பாட்டை நிறுத்தினேன். மற்றக் கை, ஊரில் சோதனைச்சாவடிகளில் நின்ற பழக்கத்தில், தன்பாட்டில் காற்சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது.

பின்வாசலை மறித்து நின்ற மரக்கறி வான் வண்டியை எடுக்கச் சொல்லத்தான் அந்தப் பொலிஸ்காரர் வந்திருந்தார். பாட்டை அவர் கவனிக்கவேயில்லை. அது சட்டென்று நின்றதும்தான் திரும்பினார். துவக்கு வைத்திருக்கிறேனோ என்பதுபோல், பைக்குள் இருந்த என் கையையே பார்த்தார்.

"மெதுவாக," என்றார் ஜமைக்காக்காரர் ஆங்கிலத்தில். "கையை மெதுவாக வெளியே எடு."

அவர் தன் இரண்டு கைகளையும் பொலிஸ்காரருக்குத் தெரியும்படி விரித்து உயர்த்தியிருந்தார்.