வெட்டி எடுத்த கம்பி

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஜாலான் புசாரில் ஒரு சிறிய ஹோட்டலில் பராமரிப்பு வேலை. பைப், பூட்டு, விளக்கு, மின்விசிறி எல்லாம் பார்ப்பேன். எல்லாம் கை பழகியதுதான். படித்ததில்லை.

தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். என் மனைவிக்கு அவர்தான் தைப்பார். பட்டு என்றால் கல்யாண வீட்டார் தூரத்திலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். பட்டில்தான் அவருக்குப் பேர்.

அவருடைய இஸ்திரிப் பெட்டி பழையது, கனமானது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதில் கிடையாது. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைப்பார். கடைசிக் கொக்கி முடிந்ததும் சுவிட்சை அணைப்பார். பட்டுக்கு வேண்டிய சூடு சரியாக இருக்கும். அது அவர் கணக்கு. பல வருடமாகத் தப்பியதில்லை.

ஒரு நாள் பெட்டி சூடாகவில்லை என்றார். நான் வாங்கிப் பிரித்தேன். உள்ளே மைக்காத் தகட்டில் சுற்றிய கம்பி ஒரு பக்கம் கருகி அறுந்திருந்தது. கருகிய பகுதியை வெட்டி எறிந்தேன். கால் பங்கு இருக்கும். மிச்சத்தை இழுத்துச் சுற்றி முடுக்கினேன். கம்பி குறைந்ததால் சூடும் கொஞ்சம் குறையும், பரவாயில்லை என்று நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சீக்கிரமே சீறியது. நல்லா செய்துவிட்டோம் என்றிருந்தது. சீக்கிரம் சூடாகிறது என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பருத்திதான் வந்தது. முதலில் வந்த பட்டு, கல்யாணப் பெண்ணின் ரவிக்கை ஒன்று, கருகியது. அரக்குப் பட்டு. முதுகில் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. நான் அப்போது மனைவியின் துணியை வாங்கப் போயிருந்தேன். பெண்ணின் அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, என் கைதான் தவறிவிட்டது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

“வயசாச்சுல்லக்கா. இனிமே பட்டெல்லாம் எதுக்கு? கவனமா இருக்கணும் லா,” என்றேன்.

ஒருவர் சிரித்தார். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துணியை மடித்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்டு வாங்கவில்லை. வந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். கண்ணைக் காட்ட மருத்துவமனைக்குப் போனார் என்று மனைவி சொன்னாள். கண்ணில் குறை ஒன்றும் இல்லையாம். அப்படியானால் புத்திதான் தடுமாறுகிறது என்று கடையையே மூட யோசிக்கிறாராம்.

அந்த மாதம் ஹோட்டலில் என்னை மின்சார வகுப்புக்கு அனுப்பினார்கள். புக்கிட் பாத்தோக்கில், வீட்டுப் பக்கம். வாத்தியார் சீனர். அவர் ஆங்கிலம் பாதிதான் புரியும். எண்கள் புரியும். வோல்ட்டை ஆம்பால் வகுத்தால் ஓம், கம்பியின் தடை. வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வாட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஐந்து ஆம்ப் இழுத்தால் தடை 46 ஓம். சக்தி 1150 வாட். இதுவரை சரி.

பிறகு கேட்டார்: சூடாகும் கம்பியில் ஒரு துண்டை வெட்டிவிட்டால் வாட் குறையுமா, கூடுமா? குறையும் என்று முதலில் கை தூக்கியது நான்.

அவர் பலகையில் எழுதினார். கம்பி பாதியானால் தடை பாதி, 23 ஓம். 230ஐ 23ஆல் வகுத்தால் பத்து ஆம்ப். பெருக்கினால் 2300 வாட். இரண்டு மடங்கு.

நான் கையை இறக்க மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்தான் இறக்கிவிட்டார்.

அக்காவின் பெட்டித் தகட்டில் ஐந்து ஆம்ப் என்று பொறித்திருந்தது. பிரித்தபோது பார்த்திருக்கிறேன். இடைவேளையில் கைபேசியில் தட்டினேன். கால் பங்கு போனால் மிச்சம் 34.5 ஓம். ஆறரை ஆம்புக்கு மேல். ஆயிரத்து ஐந்நூறு வாட்டைத் தாண்டியது. மறுபடி தட்டினேன். அதேதான் வந்தது. அவர் கொக்கி தைக்கும் நேரம் மாறவில்லை. பெட்டியை மாற்றியவன் நான்.

வகுப்பு முடிந்ததும் நேராகத் தேக்கா போனேன். அக்கா தனியாக இருந்தார். வெட்டு மேசையில் சாக்கட்டியால் எண்களை எழுதிக் காட்டினேன். அவருக்கு எண்கள் புரியவில்லை. கம்பி குட்டையானால் சூடு கூடும், நான்தான் குட்டையாக்கினேன் என்றேன்.

“அப்ப என் கையில தப்பு ஒண்ணும் இல்லையா?”

“இல்லக்கா.”

“புத்தியிலயும்?”

“இல்ல.”

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

“அன்னிக்கு எல்லாரும் நிக்கறப்ப சொன்னே, தம்பி. இத யாரும் இல்லாதப்ப வந்து சொல்றே.”

பக்கத்துக் கடைகளுக்குப் போனேன். மெஷினை நிறுத்தச் சொன்னேன். துணி வாங்க வந்தவர்களும் நின்றார்கள். நான் செய்ததைச் சொன்னேன். அக்கா மேல் தப்பில்லை என்றேன். பாதியில் தடுமாறினேன். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

“இவருதான்டா அன்னிக்கு வயசாச்சுன்னாரு,” என்றார் ஒருவர். சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.

திரும்பி வந்து, புதுக் கம்பி போட்டுத் தருகிறேன் என்று பெட்டியைக் கேட்டேன். அக்கா அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“வேணாம். வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துக்கறேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இப்போது மறுபடி பட்டு தைக்கிறாராம். மனைவி சொல்கிறாள். துணியை அவளே போய் வாங்கி வருகிறாள். நான் தேக்காவில் கீழே காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். மாடி ஏறுவதில்லை.