கால் படாத ஊருணி

காரைக்குடியில் செக்காலைக்குத் தெற்கே இருந்த அந்தக் குடிநீர் ஊருணியைச் சின்னக்கருப்பு காவல் காத்த காலத்தில், அவரைத் திட்டாத வாய் அந்த வட்டாரத்தில் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி அவர்தான். விளக்காத குடத்தோடு வந்த பெண்களைக் கரையிலிருந்தே திருப்பி அனுப்புவார். கால் நனைக்க இறங்கியவன் பெரிய வீட்டு மாப்பிள்ளையே ஆனாலும் கம்பை ஓங்கிக்கொண்டு வந்துவிடுவார். காக்கிச் சட்டையில் பாதிப் பொத்தான்கள் இல்லை. அதிகாரத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அந்தத் திட்டெல்லாம் மகள் முத்தழகின் தலையில்தான் விடிந்தது. சின்னக்கருப்புக்கும் சோலையம்மாளுக்கும் வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. ஊருணிப் பூதத்தின் மகள் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். பக்கத்தில் உட்காரும் வள்ளிக்கண்ணு ஒருத்திதான் அவளோடு கூட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பார்த்ததும் அவர் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, வாங்கி வந்த சீனிமிட்டாயை நீட்டுவார்.

அறுபத்தாறாம் வருஷம் ஏழாம் வகுப்புக்கு வீரலட்சுமி டீச்சர் வந்தார். பாடப் புத்தகத்தில் டில்லி ராஜாக்கள் இருந்தார்கள், காரைக்குடி இல்லை. அந்தக் கோபத்தில் டீச்சர் எங்கிருந்தோ ஒரு பழைய அச்சுப் பிரதியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். ஊர் நகராட்சியான புதிதில் போட்ட சட்டதிட்டங்கள் அதில் இருந்தன. ராத்திரியில் விளக்கில்லாமல் வண்டி ஓட்டக் கூடாது, செத்த மாட்டைத் தெருவில் போடக் கூடாது என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒரு சட்டம் இருக்கிறது என்றால் அதற்கு முன்னால் ஊரில் அது நடந்திருக்கிறது, அதுதான் நம்முடைய சரித்திரம் என்பார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. தெருவில் செத்துக் கிடந்த மாட்டைக் கற்பனை செய்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒருநாள் ஊருணிச் சட்டம் வந்தது. குடிநீர் ஊருணியில் எவரும் கால் வைக்கக் கூடாது. எவரேனும் இறங்கக் கண்டால் உடனே ஊருணிக் காவலரிடம் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரில் குளித்து, துணி துவைத்து, அதையே குடித்து, காலராவில் தெருத் தெருவாகச் செத்ததை டீச்சர் சொன்னார். இந்த ஒரு சட்டம் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை இன்றைக்கும் காப்பாற்றி வருவது யார் என்று கேட்டார். வகுப்பு முழுவதும் திரும்பி முத்தழகைப் பார்த்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு ஓடிவந்த ஓட்டத்தைச் சோலையம்மாள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் டீச்சர் வகுப்பையே ஊருணிக்கு அழைத்து வந்தார். சின்னக்கருப்பு சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார், பொத்தான்களும் தைத்திருந்தார். மகளுக்காக அன்று அவர் காட்டிய மிடுக்கு கொஞ்சநஞ்சம் இல்லை. கடைசிப் படியில் நின்று குனிந்து குடத்தை முக்கும் விதத்தைக் காட்டினார். பந்து விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். போனது போனதுதான் என்றார். ஆட்டுக்குட்டி விழுந்தால் என்று வள்ளிக்கண்ணு கேட்டாள்.

"என்கிட்ட வந்து சொல்லணும். நான் எறங்குவேன். எது விழுந்தாலும் சரி, ஒங்க காலு தண்ணியில படக் கூடாது."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். முத்தழகு முன்வரிசையில் நின்று எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டினாள். மனுஷர் விழுந்தால் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதைப் பின்னால் எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டிக்காரன் ஒருவன் மாட்டைக் குளிப்பாட்ட எதிர்க்கரைக்கு ஓட்டி வர, சின்னக்கருப்பு அங்கே போய் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் முத்தழகும் வள்ளிக்கண்ணும் தண்ணீருக்கு வந்தார்கள். பாசிப் படியில் முத்தழகுக்குக் கால் வழுக்கியது. குடம் மிதந்தது, அவள் மிதக்கவில்லை.

வள்ளிக்கண்ணுக்கு நீச்சல் தெரியும். அம்மாச்சி ஊர்க் கண்மாயில் மீனாக நீந்துகிற பிள்ளை. இரண்டு படி தண்ணீரில் இறங்கினால் முத்தழகின் கை அவளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் இறங்கவில்லை. காவலரிடம் சொல்வதற்காகக் கரையைச் சுற்றி மூச்சிரைக்க ஓடினாள். ஊருணி சின்னதில்லை. அவள் வந்து சொல்லி, அவர் சட்டையோடு குதித்து, மகளைத் தூக்கிக்கொண்டு கரையேறியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இழவு வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நீச்சல் தெரிந்தும் ஏன் இறங்கவில்லை என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ஊருக்கென்ன, செத்த வீட்டிலும் ஒரு குற்றவாளி வேண்டும். வள்ளிக்கண்ணு நேரே சின்னக்கருப்பின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்கதான சொன்னீக, காலு படக் கூடாதுன்னு. அதான் ஒங்கட்ட சொல்ல ஓடியாந்தேன்."

மூலையில் நின்ற வீரலட்சுமி டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சின்னக்கருப்பு அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவினார்.

"நீ செஞ்சது சரிதான்த்தா."

அதைச் சொல்ல அவருக்கு நெஞ்சு வெடித்தது. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

துக்கத்தில் ஊர் சில நாள் வேறு ஊருணிக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது. தண்ணீர் இல்லாமல் எத்தனை நாளைக்கு முடியும்? சோலையம்மாள் மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடவே இல்லை. டீச்சர் அந்தப் பிரதியை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவரவில்லை. சின்னக்கருப்பு வேலைக்குப் போனார், வேறு வேலை தெரியாது. அவர் அதட்டாமலே ஊர் அடங்கி நடந்தது. முத்தழகோடு படித்த பிள்ளைகள் கடைசிப் படிக்கும் முந்தின படியிலேயே நின்று, கயிற்றில் கட்டி இறக்கிக் குடத்தை முக்கினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒன்றுதான் தோன்றும். இன்னொரு பிள்ளை விழுந்தாலும் இவர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

அடுத்த ஐப்பசியிலும் ஊருணி நிரம்பியது. ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் குடத்தோடு வந்தபோது, சின்னக்கருப்பு கம்பைக் கீழே போட்டார். கரையில் ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, வேலை போகும் என்று தெரிந்தே, படியிறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றார். கையை நீட்டினார்.

"வள்ளிக்கண்ணு, எறங்குத்தா. நான் இருக்கேன். ஆள் விழுந்தா எறங்கலாம். எறங்கணும். நான் சொல்லாம விட்டுட்டேன். வா, ஒரு தடவ எறங்கிப் பாரு."

ஒரு பிள்ளையும் அசையவில்லை. வள்ளிக்கண்ணு குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு படி பின்னால் ஏறினாள். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். குரல் கெஞ்சுவது போல ஆகிவிட்டது.

"மாமா," என்றாள் அவள், அழுதுகொண்டே. "ஏறி வந்துருங்க மாமா. குடிக்கிற தண்ணி."