இடக்கைக்கு ஒரு குறையும் இல்லை

1. முதல் நாள்

சரோஜா அக்காவை நான் முதலில் பார்த்தது கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில். நான் பிசியோதெரபிஸ்ட். அரசாங்க வைத்தியசாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றபின், வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன்.

அக்காவின் தொழில் பொம்பிளை வெளிக்கிடுத்துவது, அதாவது மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்தி அலங்கரிப்பது. அதில் பெயரெடுத்தவர். ஸ்ட்ரோக் வந்து ஆறு கிழமையாகியிருந்தது. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடக்கால் இழுபட்டது, இடக்கை அசையவே இல்லை.

"கை எப்படி இருக்கு அக்கா?"

"கைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. மகள் துளசிதான் சும்மா பயந்து உங்களக் கூப்பிட்டிருக்கிறாள்."

"இடக்கையத் தூக்குங்கோ பாப்பம்."

கை மடியிலேயே கிடந்தது.

"தூக்கிட்டன் மிஸ்."

"இல்லை அக்கா, மடியிலதானே கிடக்கு."

"காலமை தொடக்கம் எவ்வளவு வேலை. களைச்சுப் போச்சு. பிறகு தூக்குறன்."

காலையிலிருந்து அவர் செய்த ஒரே வேலை தேத்தண்ணி குடித்ததுதான். வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன். கை அசையாததை அவரே பார்க்கட்டும் என்று, அடுத்தநாள் பெரிய கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன், பலனில்லை. நல்லா இருக்கிற கைக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்டார். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய சிகிச்சைக் கார்டில் 'புவர் கோஒப்பரேஷன்' என்று எழுதிவிட்டு வந்தேன். ஒத்துழைக்கிறார் இல்லை என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அந்த வரியை எழுதப் பேனாவுக்கு நேரமே எடுப்பதில்லை.

2. படிக்கட்டு

நோய் வருமுன்னரே ஒரு கலியாணத்துக்கு அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். நாள் நெருங்கியது. ஏலாது என்று சொல்லிவிடும்படி துளசி கெஞ்சினாள். அக்கா கேட்கவில்லை. மகள் குளிக்கப்போன நேரம், பெண்வீட்டுக்குப் போய்ச் சேலையைப் பார்க்கவேண்டுமென்று பையையும் தூக்கிக்கொண்டு தனியாகப் படியிறங்கி விழுந்தார். புருவத்தில் நாலு தையல்.

நான் போய்க் கோபத்தில் அவருடைய இடக்கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது ஆற்ற கை?"

அவர் நிதானமாகப் பார்த்தார்.

"உங்கட கை. என்ர கை இவ்வளவு பாரமில்லை மிஸ்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நடிக்கவில்லை. அன்றே, முன்பு என்னோடு வேலை செய்த நரம்பியல் டொக்டர் ஒருவருக்குப் போன் எடுத்தேன்.

"அவ பொய் சொல்லேல்ல. கை விழுந்திட்டுது எண்டு அறியவேண்டிய இடமே மூளையில அடிபட்டுப் போச்சு. நீங்க வாதாடினா, அவவைப் பொறுத்தமட்டில நீங்கதான் பொய் சொல்றீங்க."

இதெல்லாம் நான் படித்ததுதான். சோதனையில் எழுதி நல்ல மார்க்ஸும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஓர் ஆள் முன்னால் இருந்து "நல்லாத்தான் இருக்கு" என்றபோது, எனக்கு வீம்புதான் தெரிந்தது.

3. கூறை மாற்றும் நேரம்

அடுத்தமுறை என் பட்டுச் சேலை ஒன்றோடு போனேன்.

"அக்கா, எனக்கு இதை வடிவா உடுத்திவிடுங்கோ."

வலக்கையால் கொய்யகம் மடித்தார். பிடிக்க மற்றக் கை வரவில்லை. மடிப்பெல்லாம் குலைந்து விழுந்தது.

"சீலை சரியில்லை. வழுக்குது."

வாய்வரை வந்த பதிலை விழுங்கினேன்.

"ஓம், வழுக்குற சீலைதான். துளசி பிடிக்கட்டும், நீங்க சொல்லிக் குடுங்கோ."

அன்று அக்கா அரைமணித்தியாலம் எழுந்து நின்றார். என் பயிற்சிக்கு ஐந்து நிமிடம்கூட நிற்காதவர். அதன்பின் ஒவ்வொரு நாளும் அதுதான் எங்கள் பயிற்சி. மடிப்பது துளசி, ஊசி குத்துவது அக்காவின் வலக்கை. கால் உறுதிப்பட்டது. வாசல் கதவுக்கு அவருக்கு எட்டாத உயரத்தில் கொண்டி போட்டோம், அதைப்பற்றி அவரோடு ஒன்றும் கதைக்கவில்லை.

கலியாணத்துக்கு நானும் போனேன். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச் சேலையைப் பெண் உள்ளே வந்து மாற்றிக்கொண்டு போனால்தான் தாலி கட்டலாம். முகூர்த்தம் முடிய இருபது நிமிடம் இருந்தது. அக்கா விழுந்தால் பிடிக்க நான் பின்னால் நின்றேன்.

"இழுக்காத துளசி, தானா விழ விடு. அந்த மடிப்பு ஒரு விரல் உள்ளுக்கு. ஆ, இப்ப சரி."

பத்து நிமிடத்தில் முடிந்தது. கெட்டிமேளம் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். பெண்ணின் தாய் ஓடிவந்தார்.

"அக்கா, உங்கட கை கைதான்!"

"கைக்கு என்ன? துளசிக்குத்தான் கை கொஞ்சம் மெதுவு."

துளசி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தன் கைக்கு ஒன்றுமில்லை என்றுதான் அக்கா இன்றைக்கும் சொல்கிறார். நான் ஓம் என்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவருடைய கார்டில் அந்த 'புவர் கோஒப்பரேஷன்' வரியை வெட்டினேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அதை எழுதுமுன் ஒருதரம் பேனாவைக் கீழே வைத்து யோசிக்கவேண்டும். வைத்தியசாலையில் எத்தனை பேருடைய கார்டில் நான் அதை எழுதினேன் என்று கணக்கில்லை. எழுதியபின் பயிற்சியை நிறுத்தி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளாவது, பிழை என் பக்கம் இருக்குமென்று எனக்குத் தோன்றியதில்லை.