பந்து தொலைந்த கணக்கு

மாமாவின் வலது கை இடது கையைவிட ஒரு விரற்கடை நீளம் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அளந்து பார்க்க அவர் ஒருமுறையும் சம்மதிக்கவில்லை. "அளந்தா தேஞ்சிரும் மருமகளே" என்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. எதையும் எண்ணாமல் விடமாட்டேன். நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் வீடுகள் பதினெட்டு, கோழிகள் ஏழு, ஓலை ஒழுகும் இடங்கள் நான்கு. இன்று சுங்கைப்பட்டாணியில் ஒரு சோதனைக்கூடத்தில் ரப்பர் பாலைக் காயவைத்து எடைபோட்டுப் பத்தி பத்தியாக எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் பழக்கம் அங்கே தொடங்கியதுதான்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். மலாயாவில் கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் அவருடைய பங்களாவில் ஜப்பான் துரை வந்து உட்கார்ந்திருந்தார். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்க லாரி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஒருவர் என்பது கட்டளை. முதல் லாரியில் போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் இருந்த ஆண்கள் இருவர், அப்பாவும் மாமாவும். யார் போவது என்பதை வீட்டில் யாரும் பேசவில்லை. சாப்பிட உட்காரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்ததை வைத்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஜப்பான் துரை ஆலைக்குப் பின்னாலிருந்த மேட்டைச் சமன்படுத்தச் சொன்னார். அவர் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த பொருள்களில் ஒரு வாள், ஒரு மட்டை, ஒரு பந்து இருந்தன. வாளைவிட மட்டையைத்தான் அதிகம் துடைப்பார். அது பேஸ்பால் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று நாங்கள் ஜப்பான் பந்து என்றோம். ஒருவர் எறிவார், எதிரணியில் ஒருவர் மட்டையால் அடிப்பார். மூன்று முறை தவறவிட்டால் அவர் வெளியே. அடித்துவிட்டால் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவர வேண்டும், சுற்றி முடித்தால் ஒரு ஓட்டம். துரை மூலைகளில் சாக்கு போடச் சொன்னார். சாக்கையெல்லாம் நாங்கள் உடுத்திக்கொண்டிருந்தோம். ஆகவே பலகை போட்டார்கள்.

சுற்றியுள்ள நான்கு தோட்டங்கள் வாரத்துக்கு ஒரு மாலை மோத வேண்டும். ஜெயிக்கும் தோட்டத்தில் ஆட்டக்காரர் வீட்டுக்கெல்லாம் அரிசி. அதைவிடப் பெரிய அறிவிப்பு ஒன்றையும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, காலையில் ஆளெண்ணும் பிரட்டில் வாசித்தார்.

"ஆட்டமெல்லாம் முடியிற வரைக்கும் ஆட்டக்காரங்க பேரு சயாம் லிஸ்ட்ல ஏறாது. துரையோட உத்தரவு."

மறுநாள் தோட்டத்தில் ஆட்டக்காரராக விரும்பாத ஆண் ஒருவரும் இல்லை. முதுகு வளைந்த மாட்டுக்காரத் தாத்தாகூட வந்து வரிசையில் நின்றார்.

எங்கள் ஆட்களுக்கு அடிக்கத் தெரியாது. இதை நான் அன்பில்லாமல் சொல்லவில்லை, தாளில் இருக்கிறது. ஆனால் எறியத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஆலையில் ரப்பர் ஷீட் பிழியும் ரோலரைச் சுற்றுகிறவர், எருமைத் தோள். இரண்டாவது அப்பா. மூன்றாவது மாமா. பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டும்போது உளியை இழுத்து முடிக்கும் இடத்தில் மணிக்கட்டை மெல்லத் திருப்புவார்கள் அல்லவா, மாமா பந்தை விடும் கடைசி நொடியில் அதே திருப்பு திருப்புவார். நேராக வந்த பந்து அடிப்பவர் முன்னால் வந்ததும் வழி மறந்ததுபோல் வளைந்துபோகும்.

மூவரையும் எப்படிப் பயன்படுத்துவது என்று கங்காணிதான் முடிவு செய்தார். துரை எல்லா ஆட்டத்திலும் ஒரே ஆளை எறியச் சொன்னபோது அவர் மறுத்தார்.

"இன்னிக்கு வெட்டுன மரத்த நாளைக்கு வெட்டுறமா? மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாள். கை என்ன, மரத்தவிட கேவலமா?"

கிராணி இதை எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. துரை தலையாட்டினார். அன்றிலிருந்து மரங்களுக்கு முறை வைப்பதுபோல மூவருக்கும் முறை வைத்தார்கள். ஒரு வாரம் ஒருவர், மற்ற இருவருக்கும் அந்த வாரம் முழு ஓய்வு. பயிற்சிக்குக்கூடக் கையைத் தூக்கக் கூடாது. மாமாவுக்கு ஓய்வு வாரம் என்றால் அம்மா அவரை விறகு பிளக்கவும் விடமாட்டாள். "மகாராசா கை" என்று அப்பா முணுமுணுப்பார். "அடுத்த வாரம் ஒங்க மொறதான மச்சான், அப்ப நீங்களும் மகாராசாதான்" என்பார் மாமா.

நான் கணக்கெழுதத் தொடங்கியதும் அப்போதுதான். யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்து வெட்டுக் கணக்குத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, கிராணி சில தாள்களைக் கொடுத்தார். பத்திகள் போட்டேன். எறிந்தவர். எறிந்த பந்துகள். எதிரணியின் ஓட்டம். நம் ஓட்டம். எண்களை மட்டும் ஜப்பான் எழுத்தில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கு அதில் பெருமை.

முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தோம். ஒன்றுக்கு முட்டை, இரண்டுக்கு முட்டை, மறுபடி ஒன்றுக்கு முட்டை. எதிரணிக்கு ஓட்டமே கிடைக்காது. எங்கள் ஆட்களில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை அடித்துவிட்டால் போதும். ரோலர்காரர் எறிந்தால் மட்டை பிடித்தவர்கள் ஒதுங்குவார்கள். மாமா எறிந்தால் சிரிப்பார்கள், பிறகுதான் தவறவிட்டது தெரியும். துரை எழுந்து நின்று கைதட்டுவார். அந்தக் கைதட்டலுக்காக நானும் ஏங்கினேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இறுதி ஆட்டம் பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தோடு. அவர்களிடமும் நல்ல எறிகாரர்கள் இருந்தார்கள். முதல் மாலை முட்டைக்கு முட்டை. சூரியன் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. இருட்டினால் ஆட்டத்தை நிறுத்தி மறுவாரம் முதலிலிருந்து ஆட வேண்டும் என்பது துரையின் நாட்டு விதியாம். மறுவாரமும் முட்டைக்கு முட்டை. அதற்கு அடுத்த வாரமும்.

எனக்கு எரிச்சல் வந்தது. நான் சோற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். மரவள்ளிக்கிழங்கை அம்மா எத்தனை விதமாகச் செய்தாலும் அது கிழங்காகவே இருந்தது. ஜெயித்தால் அரிசி. ஜெயித்தால் துரை மகிழ்வார், மகிழ்ந்தால் அப்பாவையும் மாமாவையும் என்றென்றைக்கும் விட்டுவிடுவார். இதுதான் என் கணக்கு. ஆனால் பெரியவர்கள் ஜெயிக்கவே முயலாததுபோல் எனக்குப் பட்டது. மட்டையில் சுற்றிய கயிறு அடிக்கடி அவிழ்ந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது. இருந்த ஒரே பந்து மேட்டைத் தாண்டி மரங்களுக்குள் போய் விழுந்தால் இரண்டு அணிகளும் சேர்ந்து தேடின.

"பாம்பு கெடக்கும்டா, பாத்து! மெதுவா!"

"அண்ணே, அந்த மரத்தடியில பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. இன்னொருக்கா பாக்குறேன்."

எதிரணிக்காரர் ஒருவர் அப்பாவுக்குப் பீடி பற்றவைத்துக் கொடுத்ததை நான் கண்டேன். எதிரிக்கு யாராவது பீடி கொடுப்பார்களா? ஆகவே புதிய பத்திகள் போட்டேன். பந்து தொலைந்தது. கயிறு அவிழ்ந்தது. தண்ணீர் குடித்தது. ஆறாவது வாரம் பந்து பதினொரு முறை தொலைந்திருந்தது.

அன்று ஆட்டம் நின்றதும் துரை என்னருகே வந்து கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். எண்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சினார். ஒவ்வொரு பத்தியையும் தொட்டு இது என்ன, இது என்ன என்று கிராணியிடம் மலாயில் கேட்டார். கிராணி சொல்லிக்கொண்டே வந்தார். பதினொன்று என்று எழுதிய பத்திக்கு வந்ததும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது நல்ல எறிகளின் கணக்கு என்றார்.

கிராணிக்குத் தமிழ் வாசிக்க வரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. தவறை விட்டுவைக்க முடியாத பிள்ளை நான்.

"இல்ல கிராணி, அது ஹிலாங்! போலா ஹிலாங்! பந்து தொலைஞ்சது!" என்றேன். துரைக்கும் விளங்க வேண்டும் என்று மலாயில்தான் முக்கியமான சொற்களைச் சொன்னேன்.

துரை தாளை மறுபடி பார்த்தார். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாக நடந்தபோது அவர் கண்ணில் படாதது ஒரே தாளில் மேலிருந்து கீழாக நின்றது. இரண்டு, நான்கு, நான்கு, ஏழு, எட்டு, பதினொன்று. மேட்டின் மேல் அப்பாவும் மாமாவும் ரோலர்காரரும் எதிரணிக்காரர்களும் அசையாமல் நின்றார்கள். துரை கோபப்படவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து எனக்குக் கொடுத்தார். பிறகு கிராணியிடம் ஒரு வாக்கியம் சொன்னார். அடுத்த ஆட்டம் மாலையில் இல்லை, காலைப் பிரட்டு முடிந்ததும் தொடங்கும், முடியும்வரை நடக்கும்.

அவர் எங்களைப் பிடித்துவிட்டாரா, அல்லது நல்ல ஆட்டம் ஒன்றை வெளிச்சத்தில் முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். தாளை வீணாக்கியதற்கு என்று நினைத்தேன். மாமா குறுக்கே வந்தார். என் கையிலிருந்து கணக்கை வாங்கி வாசலில் குந்தி மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"விடுக்கா. புள்ள எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல. நாலாவது வாரம் ஏழு தடவ. நான்தான் ஆறுன்னு நெனச்சேன்."

அதைக் கிழித்துப்போடாமல் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கடைசி ஆட்டத்தில் பந்து ஒருமுறையும் தொலையவில்லை. மரங்களின் ஓரமெல்லாம் சிப்பாய்கள் நின்றார்கள். இரு அணிகளிலும் எறிகாரர்கள் முறை மாற்றி எறிந்தார்கள், ஓய்வு வாரம் என்பதெல்லாம் போயிற்று. ரோலர்காரர் உச்சிப்பொழுதுக்கு முன்பே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா அதற்குப் பின் கொஞ்ச நேரம் தாங்கினார். மீதி முழுவதும் மாமா. முட்டைக்கு முட்டை, முட்டைக்கு முட்டை. தாளில் நான் புதிய பென்சிலால் போட்டுக்கொண்டே இருந்தேன். நூற்றெண்பதுக்குமேல் எண்ணியபின் மாமா ஒவ்வொரு எறிக்குப் பிறகும் இடது கையால் வலது கையைத் தூக்கித் தன் பக்கமாக எடுத்துக்கொண்டார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டியிருக்கும். அப்போது எதிரணி எறிகாரரின் கை விட்டுவிட்டது. பந்து பிடிப்பவரின் தலைக்கு மேலே பறந்தது. எங்கள் ஆள் ஒருவர் மூன்றாவது மூலையில் நின்றிருந்தார். ஓடாமல் நின்றார். துரை கத்தினார், சிப்பாய்கள் கத்தினார்கள், நானும் கத்தினேன், "ஓடுங்க, ஓடுங்க!" அவர் திரும்பி மாமாவைப் பார்த்தார். பிறகு நடந்தே வந்து நான்காவது மூலைப் பலகையை மிதித்தார்.

ஜெயித்தோம். மேட்டில் குதித்தது நான் ஒருத்திதான். எதிரணி எறிகாரர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். மாமா போய் அவருடைய தலையில் இடது கையை வைத்தார். தோற்றவர் அழுவது முறைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அரிசி மறுநாள் வந்தது. லாரி அதற்கு மூன்றாம் நாள் வருவதாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மாமா. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டதில்லை. அப்பா பேச வாயெடுத்தபோது, "ஒங்களுக்கு எண்ணுறதுக்கு ஒரு புள்ள இருக்கு மச்சான்" என்று மாமா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. சண்டை முடிந்து ஒரு வருடம் கழித்து ரோலர்காரர் சயாமிலிருந்து திரும்பி வந்தார், தோள் இல்லாத மனிதராக. எங்கள் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். அவரோடு மாமா இல்லை.

அந்தக் கணக்குத் தாள் இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சில நாள் வேலை முடிந்ததும் எடுத்து விரித்து, "பந்து தொலைந்தது" பத்தியைக் கூட்டிப் பார்க்கிறேன். முப்பத்தாறு. இன்னும் ஒரு முப்பத்தாறு தடவை அது தொலைந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

ஆனால் தாளில் எழுதாத கணக்கு ஒன்றும் உண்டு. லாரி வருவதற்கு முந்தைய நாள் பகலில் அம்மா சோறு வடித்தாள். மாதக்கணக்கில் கண்டிராத வெள்ளைச் சோறு. மாமாவின் வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கி, மடக்க வரவில்லை. இடது கையால் சாப்பிடப் போனார். "சோத்துல எடது கைய வைக்காத" என்று அம்மா அதட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உருட்டி அவர் வாயில் ஊட்டினாள். அவ்வளவு பெரிய ஆள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஊட்டிக்கொள்வதற்காகவே நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஊட்டு" என்றேன்.

அம்மா மறுக்கவில்லை. அவருக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று முறை வைத்து ஊட்டினாள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதுக்கு ஒன்பது சரியாக இருந்தது. தட்டில் மீந்திருந்த இரண்டு வாயையும் அவள் மாமாவுக்கே ஊட்டிவிட்டாள்.

"கணக்கு சரியில்ல. மாமாவுக்கு ரெண்டு கூட" என்று அழுதேன். கோபத்தில் அன்று முழுவதும் மாமாவோடு பேசவில்லை.